காக்கிச் சட்டையின் உள்பக்கம்

அத்தியாயம் 11

முனிரத்தினத்துக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து வாசலுக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வார ஓய்வு நாள். வேறு வாரமாக இருந்தால் இந்நேரம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குறட்டை விட்டிருப்பார். இன்றைக்குத் தூக்கம் எங்கே வரும்?

சட்டைப் பையில் அந்தக் காகிதம் இருந்தது. போன வாரம் எச்.ஆர். மேனேஜர் கோதண்டம் கூப்பிட்டுக் கொடுத்தாரே, அதேதான். டைப் அடித்த அரைப் பக்கம். அடியில் முனிரத்தினத்தின் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்காக ஒரு கோடு. கோடு இன்னும் காலியாகத்தான் இருந்தது.

நடுவில் சில வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரி பாகக் கம்பெனி. அதன் இரண்டாம் நம்பர் கேட்டில் பத்தொன்பது வருஷமாக செக்யூரிட்டி நம்ம முனிரத்தினம். மகள் ஜாஸ்மினுக்கும் அதே கம்பெனியில் லைனில் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றபடியே வயர் கோக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளும் இன்னும் பதினோரு பெண்களும், உட்கார்ந்து வேலை செய்ய ஸ்டூல் கேட்டு, துப்பட்டாவில் பேட்ஜ் குத்திக்கொண்டு முதல் ஷிப்டுக்கு வந்தார்கள். வட்டமான தகர பேட்ஜ். ஒரு ஸ்டூல் படம், அதன் கீழே 'உட்கார இடம் கொடு' என்று மூன்று வார்த்தை. கேட்டில் நிறுத்திப் பன்னிரண்டையும் கழற்றி வாங்கியவர் முனிரத்தினம். மறுநாள் பன்னிரண்டு பேரும் சஸ்பெண்ட்.

குற்றப்பத்திரிகையில் வேறு கதை இருந்தது. பேட்ஜில் சூப்பர்வைசரின் கழுத்தை ஒரு கை நெரிக்கிற படமும், மிரட்டல் வாசகமும் இருந்ததாம். விசாரணையில் அப்படி ஒரு பேட்ஜை மேஜைமேல் வைத்தும் காட்டினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திகூட அதற்கு முன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்று மூன்று மணிக்குக் கடைசி விசாரணை. 'நான் கழற்றியது இதே பேட்ஜ்தான்' என்று முனிரத்தினம் கையெழுத்துப் போட்டுவிட்டால் மகள் வேலை போய்விடும், கூடவே பதினோரு பேருடையதும். போடவில்லையென்றால் அவர் வேலை போகும். அவர் ஏஜென்சி ஆள். ஒரு போன் போதும், மறுநாளே வேறு ஆள் வந்து கேட்டில் நிற்பான்.

எட்டு மணிக்கு ஜாஸ்மின் கிளம்பினாள். ஸ்ரீபெரும்புதூரில் சங்க ஆபீசில் மற்றப் பெண்களைப் பார்த்துவிட்டு, எல்லாரும் சேர்ந்து கம்பெனிக்கு வருவதாக ஏற்பாடு. அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். அப்பா நின்ற பக்கம் திரும்பவில்லை. பேட்ஜைக் கழற்றிய நாளிலிருந்து அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அம்மா வழியாகத்தான் நகர்த்துகிறாள்.

கழற்றியதற்குக் கோபம் என்றால் முனிரத்தினத்துக்குப் புரியும். அது கேட் ரூல். மேலே உத்தரவு வந்தால் கீழே செய்துதான் ஆக வேண்டும், அது அவளுக்கும் தெரியும். கோபம் வேறொன்றுக்கு. பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொருத்தியிடமும் கேட்டதைப்போலவே, அவளிடமும் அவர் கேட்டார்.

"டோக்கன் நம்பர் சொல்லு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "என் பேரு மறந்துபூட்சா?" என்றாள். அப்புறம் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

பத்து மணிக்கு கோதண்டத்தின் போன் வந்தது. கோதண்டம் கத்துகிற ஆள் இல்லை. தேனாகத்தான் பேசுவார், அதுதான் பயம். இரண்டரைக்கெல்லாம் வந்துவிட வேண்டும், காகிதம் பத்திரமாக இருக்கிறதா, பொண்ணு விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வேறு எங்காவது சேர்த்துவிடலாம் என்றெல்லாம் சொன்னார். கடைசியாக, எதுவும் இல்லாததுபோல ஒன்று கேட்டார்.

"அந்த ஒரிஜினல் பேட்ஜெல்லாம் ஸ்கிராப்ல போட்டுட்டதா சொன்னீங்களே, நிச்சயம்தானே முனிரத்தினம்?"

"போட்டுட்டேன் சார்."

போனை வைத்தார். சொன்னது பொய். பத்தொன்பது வருஷமாக அவர் ஒரு பேட்ஜைக்கூட ஸ்கிராப் தொட்டியில் போட்டதில்லை.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் ஜங்ஷனுக்குப் போனார். மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீ. குடித்து முடிக்காமலே இன்னொரு டீ சொன்னார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து போயின. ஒவ்வொரு பஸ்ஸிலும் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள். நிற்கிற வேலை முடிந்ததும் உட்கார இடம் கிடைக்கிற ஒரே இடம் பஸ்தான் என்று ஜாஸ்மின் ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். அப்போது அதை அவர் காதில் வாங்கவே இல்லை.

பேட்ஜைச் சேர்த்து வைக்கிற இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு போராட்டம் வந்தது. பேட்ஜோடு யாரும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. கேட்டில் கழற்றி ஒரு தட்டில் போட்டார். சாயங்காலம் போகும்போது கேட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தார். யாருடையது எது என்று தெரிய வேண்டுமே? முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளை பிளாஸ்திரியைக் கிழித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டி, டோக்கன் நம்பரும் தேதியும் எழுதி வைத்தார்.

யாரும் கேட்டு வரவில்லை. கேட்டால் பெயர் மேலே போய்விடும் என்ற பயம். பேட்ஜெல்லாம் தட்டிலேயே கிடந்தன. குப்பையில் போடு என்றார்கள். அடுத்தவர் நெஞ்சில் குத்தியிருந்ததைக் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழைய காக்கிச் சட்டையின் உள்பக்கம் குத்தி வைத்தார். அப்புறம் ஒவ்வொரு போராட்டத்துக்கும் அதே வேலை. போனஸ் கேட்டது, சங்கம் கேட்டது, கேன்டீன் சோற்றில் புழு இருந்ததற்குக் குத்தியது, கறுப்புத் துணி, சிவப்பு வட்டம், கையால் எழுதிய அட்டை. வெளியே பார்த்தால் காக்கி. திருப்பினால் திருவிழா.

அதில் ஒன்று மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. மெஷின் பொருத்துவதற்காக வால்ட்டர் என்று ஓர் இன்ஜினீயர் வந்திருந்தார். பனைமர உயரம், கறுப்பு மனுஷன். முனிரத்தினம் பிளாஸ்திரி ஒட்டி எழுதுவதை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, டிரைவரை விட்டு விவரம் கேட்டார். அடுத்த தடவை வந்தபோது ஒரு பேட்ஜைக் கொண்டுவந்து இவர் கையில் வைத்து மூடினார். கறுப்புக் கை ஒன்றும் வெள்ளைக் கை ஒன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் படம். கறுப்பர்கள் சம உரிமை கேட்டு நடத்திய வாஷிங்டன் ஊர்வலத்தில் வால்ட்டரின் அம்மா குத்திக்கொண்டு போனதாம். அதற்கும் முன்னால், கறுப்பர்களுக்குப் பரிமாற மாட்டோம் என்ற ஓட்டலில் அந்தம்மா போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்களாம். தலையில் சர்க்கரையைக் கொட்டினார்களாம், சட்டையில் காப்பியை ஊற்றினார்களாம். அந்தம்மா எழுந்திருக்கவே இல்லை. டிரைவர்தான் இதையெல்லாம் தமிழில் சொன்னான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கதையை முனிரத்தினம் மகளிடம் சொன்னார். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. "அப்பறம் காப்பி குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

டீக்கடையில் கிளாசைக் கீழே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டூல்! பேட்ஜில் என்ன படம் போடலாம் என்று பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து யோசித்தபோது, அந்த ஸ்டூலை வரைந்தது யாராக இருக்கும்? அட முனிரத்தினம், மண்டைக்குள் என்னதான் வைத்திருக்கிறாய்? அவள் அவர் சொன்ன கதையைத்தான் நெஞ்சில் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் டோக்கன் நம்பர் கேட்டிருக்கிறார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே பன்னிரண்டு பேட்ஜையும் மேலே ஒப்படைத்திருந்தால் எல்லார் கண்ணும் அதைப் பார்த்திருக்கும். ஸ்கிராப்பில் போட்டேன் என்று அவர் சொன்ன பொய்தான், புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அவர்களுக்கு வழி விட்டது. சேர்த்து வைக்கிற ஆசை மகள் தலையில் போய் விடிந்திருக்கிறது.

முனிரத்தினம் ஷேர் ஆட்டோவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மாத்தூர் போகிற யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி ஞானம்மா பெண்கள் ஹாஸ்டலில் காலை வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியில் கையை விட்டார். சட்டை இருந்தது. கட்டிலில் விரித்துத் திருப்பினார். இடது பக்கம் கடைசி வரிசை, ஸ்டூல் பேட்ஜ்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிளாஸ்திரியைப் படித்து அடுக்கினார்.

பதினொன்று.

மறுபடி எண்ணினார். பதினொன்றுதான். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு இல்லை. அது குத்தியிருந்த இடத்தில் துணியில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பீரோவில் இருந்த புடவையெல்லாம் உதறினார். போன வாரமே ஞானம்மாவுக்கு இந்த விஷயம் தெரிந்து, பயத்தில் எடுத்துக் குப்பையில் போட்டிருப்பாள் என்று தோன்றியது. அதையே கேட்டும்விட்டார், கொஞ்சம் சூடாகவே.

ஞானம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நான் எதுக்குய்யா எடுக்கப் போறேன்? இந்தச் சட்டைக்கு ஒம்போது வருசமா அந்துருண்டை யாரு போடுறான்னு நெனச்சிக்கினு கீற?"

பெரிய ரகசியம் காத்த மனுஷன்! வீட்டுக்காரிக்கு ஒன்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறது. அவர் எப்போது சொல்வார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து பதினோரு பேட்ஜையும் பார்த்தாள். விஷயம் முழுவதையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளே ஒளித்துவிட மாட்டார்களா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. முனிரத்தினம் அதைத்தான் பைக்கில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். கோதண்டத்தின் மேஜையில் வைத்தால் அது மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். ஆனால் கேட் வழியாக உள்ளே போகிற பொருள் எதுவாக இருந்தாலும் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். பக்கத்துக்கு நம்பர் உண்டு, மூன்று தாள் உண்டு. வெள்ளை ஆபீசுக்கு, மஞ்சள் ஸ்டோருக்கு, ரோஸ் கொண்டுவந்தவர் கைக்கு. அந்த ரோஸ் தாளை யாராலும் இழுப்பறைக்குள் தள்ள முடியாது.

"அப்ப நம்ம பொண்ணுது?" என்றாள் ஞானம்மா.

மற்றப் பதினோரு பேருக்கும் நம்பர் போட்ட அத்தாட்சி இருக்கிறது. சொந்த மகளுக்கு இல்லை. அவள் குத்தியிருந்தது மட்டும் வேறு என்று சொல்லிவிட்டால்? குற்றப்பத்திரிகையில் தலைவி என்று அவளைத்தானே எழுதியிருக்கிறார்கள்?

"போய்யா. இருக்கிறத எடுத்துக்கினு போ," என்றாள் அவள். மீதி பேட்ஜ் குத்திய சட்டையைச் சுருட்டினாள். அதில் உள்ள நம்பர்காரர்கள் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள், அது யார் கையிலும் சிக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். அரிசி டிரம்முக்குள் சட்டையை அமுக்கி மூடியைப் போட்டாள்.

பேட்ஜைச் சுற்ற ஒரு காகிதம் வேண்டும். முனிரத்தினம் பையிலிருந்த டைப் அடித்த காகிதத்தை எடுத்தார். கையெழுத்துக் கோட்டை ஒரு தரம் பார்த்தார். பதினொன்றையும் அதிலேயே கொட்டிப் பொட்டலம் கட்டினார்.

இரண்டாம் நம்பர் கேட்டில் அன்றைக்கு டூட்டி கொம்பையா. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், முனிரத்தினத்துக்குக் கீழே ஆறு வருஷம். லீவு நாளில் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நேராக மேலே அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார்.

"ரெஜிஸ்டர எடு," என்றார் முனிரத்தினம். "பொருள் கீது. எழுதணும்."

பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். கொம்பையா சுவரில் இருந்த கேமராவை ஒரு பார்வை பார்த்தார், பேட்ஜை ஒரு பார்வை பார்த்தார்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா."

"நட்டு, போல்ட்டா இருந்தாலும் எழுதாம வுடக் கூடாதுன்னு நான் தினிக்கும் சொல்வேனே. இது போல்ட்ட வுடப் பெரிசுதான? எழுதாம வுட்டாத்தான் உன் வேலைக்கு ஆபத்து."

கொம்பையா கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பொருள்: ஸ்டூல் படம் போட்ட தகர பேட்ஜ். வாசகம்: உட்கார இடம் கொடு. முனிரத்தினம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பிளாஸ்திரியில் இருந்த நம்பரையும் தேதியையும் படித்தார். கொம்பையா எழுதினார். கொண்டுவந்தவர் என்ற கட்டத்துக்கு வந்ததும் முனிரத்தினம் பேனாவை வாங்கி, ஒரு வாரமாகக் கோதண்டம் கேட்டுக்கொண்டிருந்த கையெழுத்தை அங்கே போட்டார்.

"பதினொண்ணு," என்றார் கொம்பையா. "பன்னெண்டு பேருல்லா அண்ணாச்சி?"

"பன்னெண்டுதான்."

சொன்னது முனிரத்தினம் இல்லை. குரல் பின்னாலிருந்து வந்தது. மூன்று வாரமாக அவரிடம் பேசாத குரல்.

திரும்பினார். ரோட்டோரம் ஷேர் ஆட்டோக்களிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஜாஸ்மின் நின்றாள். துப்பட்டாவில் அந்த பேட்ஜ். காலையில் துப்பட்டா தேடிப் பீரோவைக் குடைந்தபோது சட்டை கையில் அகப்பட்டதாகச் சொன்னாள். பத்தொன்பது வருஷத்தில் தன் பேட்ஜைத் திரும்ப எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

"எல்லாத்தையும் எடுத்தாந்திருப்பேன்," என்றாள். "நீயா கொண்டாறியான்னு பாக்கத்தான் வுட்டுட்டு வந்தேன்."

"நான் வரலன்னா?"

"ரெண்டரை வரிக்கும் பாத்துட்டு வூட்டுக்கு ஓடியிருப்பேன்."

முனிரத்தினத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. கேட் சுவரில் இருந்த கடிகாரத்தில் மணி இரண்டு இருபத்தைந்து.

பேட்ஜோடு உள்ளே போக முடியாதும்மா என்று கொம்பையா தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜாஸ்மின் தானே ஊக்கைக் கழற்றினாள். தட்டில் போடாமல் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். கொம்பையா பேனாவைத் திறந்தார். பழக்க தோஷம், தலை நிமிராமலே கேட்டார்.

"டோக்கன் நம்பர்?"

ஜாஸ்மின் வாயெடுத்தாள். முனிரத்தினம் முந்திக்கொண்டார்.

"ஜாஸ்மின்னு எழுதுப்பா. எம் பொண்ணு. நம்பர் பின்னால கீது, அப்பறம் பாத்துக்கலாம்."

கொம்பையா எழுதினார். பன்னிரண்டு. ஜாஸ்மின் நகர்ந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். ரோஸ் தாளைக் கிழிப்பதற்காகக் கொம்பையா ஸ்கேலை எடுத்து வைத்தார்.

அப்போது மேஜையில் இருந்த கேட் போன் அடித்தது. நேரே மேலே, கோதண்டத்தின் அறையிலிருந்து மட்டும் வருகிற போன் அது. பத்தொன்பது வருஷமாக அதை இரண்டாவது மணிக்குள் எடுத்துப் பழகியவர் முனிரத்தினம். இன்றைக்கு அவர் அசையவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று அடித்துக்கொண்டே போனது.

கொம்பையாவின் ஒரு கை ரோஸ் தாளின் மேல் இருந்தது. அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், இன்னொரு கையை மெதுவாகப் போன் பக்கம் நீட்டினார். (தொடரும்)